தம்மைத் தாமே அளந்தவர்: வில்லியம் பான்ரிங்கின் வாழ்வும் உணவும்

சுவீடன் நாட்டில் தஞ்சம் பெற்று வாழும் எம்மவர்கள் அந்நாட்டு மக்கள் நாளாந்தம் வழங்கும் ஒரு சொல்லை நன்கு அறிவர். உடல் மெலிவதற்காக உணவைக் கட்டுப்படுத்துவதை அந்நாட்டு மொழியில் 'பன்ரா' என்பர். வேலைத்தளத்து உணவு வேளையிலும், வைத்தியசாலையிலும், கடைகளில் தொங்கும் சஞ்சிகைகளின் அட்டையிலும் இச்சொல் எதிர்ப்படும். ஆயினும் அச்சொல்லினுள்ளே ஒரு மனிதரின் பெயர் மறைந்து கிடக்கின்றது என்பதை அதனை வழங்குவோரிற் பலரும் அறியார். அம்மனிதர் சுவீடன் நாட்டவர் அல்லர், மருத்துவரும் அல்லர். நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டன் மாநகரிலே மரணச் சடங்குகளை ஒழுங்கு செய்து கொடுக்கும் தொழிலை நடத்தி ஓய்வு பெற்ற ஒரு வணிகர். வில்லியம் பான்ரிங் என்பது அவர் பெயர்.

மாச்சத்தையும் சீனியையும் குறைத்து உண்பதால் உடற்பருமனைக் குறைக்கலாம் என்பது இன்று உலகெங்கும் பேசப்படும் செய்தி. அதனைப் பெருந்தொகையான பொதுமக்களிடம் முதன்முதலிற் கொண்டுசென்றவர் இவரே. முப்பது வயதின் பின்னர் தம்மைப் பற்றிக்கொண்ட பருமனோடு அவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் போராடினார். தோல்விக்கு மேல் தோல்வி கண்டார். அறுபத்தைந்து வயதிலே, இனி முடியாது என்று மற்றவர்கள் கைவிட்டிருக்கக்கூடிய காலத்திலே, வழியைக் கண்டார். அவ்வழியைத் தமக்குள் வைத்துக்கொள்ளாது ஊருக்கெல்லாம் இலவசமாக எடுத்துச் சொன்னார். நடுவயதைத் தாண்டிக்கொண்டிருக்கும் எமது சமூகத்துக்கு அவரது வாழ்வு சொல்லும் சேதி சிலவுண்டு என்பதால் அதனை இங்கு எழுதுகின்றோம்.

அரச குடும்பத்தின் சடங்கு ஒழுங்காளர்

வில்லியம் பான்ரிங் 1796ஆம் ஆண்டின் இறுதியிற் பிறந்தவர். இலண்டனில் சென்ற் ஜேம்ஸ் வீதியில் இயங்கிய பான்ரிங் குடும்பத்து நிறுவனம், செல்வந்தர் மாளிகைகளுக்குத் தளபாடங்கள் செய்து கொடுப்பதிலும் மரணச் சடங்குகளை ஒழுங்கு செய்வதிலும் பேர்பெற்றது. பிரித்தானிய அரச குடும்பத்தின் இறுதிச் சடங்குகளை நடத்தும் உரிமை இக்குடும்பத்திடமே இருந்தது. 1820இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்கும், 1830இல் நான்காம் ஜோர்ஜ் மன்னருக்கும், 1861இல் விக்ரோறியா மகாராணியின் கணவர் அல்பேர்ட் இளவரசருக்கும் இக்குடும்பத்தவரே இறுதிச் சடங்கை ஒழுங்கு செய்தனர். நெப்போலியனை வாட்டர்லூவில் வென்ற வெலிங்ரன் கோமகனின் சடங்கு 1852ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இலண்டனில் நடைபெற்றபோது, அந்நகரம் அதுவரை கண்டிராத பெருந்திரள் வீதிகளிற் கூடியது. அதனைப் பொறுப்பேற்று நடத்தியதும் இந்நிறுவனமே. வில்லியம் பான்ரிங் மறைந்து பல ஆண்டுகளின் பின்னர், 1901இல், விக்ரோறியா மகாராணியின் சடங்கும் இக்குடும்பத்தாரிடமே ஒப்படைக்கப்பட்டது.

இத்தகைய தொழிலில் நேரந்தவறாமை, ஒழுங்கு, அளவு ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. ஒரு மணி நேரம் பிந்தினாலும், ஓர் அங்குலம் பிசகினாலும் அரச சடங்கிலே அது பெரும் இழுக்காகும். அரை நூற்றாண்டுக் காலம் பான்ரிங் இத்தொழிலிலே ஓடியாடி உழைத்தார். அவர் சோம்பியிருந்தவர் அல்லர். பெருந்தீனிக்காரரும் அல்லர், குடிவெறியரும் அல்லர். அவருடைய தாய்வழியிலோ தந்தைவழியிலோ பருத்த உடம்பினர் எவரும் இருந்ததில்லை. அவ்வாறிருந்தும் முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில் அவருடைய உடல் பருக்கத் தொடங்கிற்று.

தோல்விகளின் பட்டியல்

தமது உடல் பருப்பதைக் கண்ட பான்ரிங் உடனேயே மருத்துவரை நாடினார். அவருக்கு நண்பரான அறுவை மருத்துவர் ஒருவர் உடற்பயிற்சி செய்யுமாறு கூறினார். பான்ரிங் கனமான படகொன்றிலே அதிகாலையில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஆற்றிலே துடுப்பு வலித்தார். தசைகள் உரம்பெற்றன, கூடவே பசியும் பெருகிற்று. பசிக்கு உண்டார், உண்டதால் மேலும் பருத்தார். இறுதியில் அந்த மருத்துவரே படகோட்டத்தை நிறுத்துமாறு கூறவேண்டியதாயிற்று.

அதன்பின் அவர் முயன்று பார்க்காத வழி அரிது. கடற்காற்றும் கடல்நீராடலும் பயன் தரவில்லை. குதிரைச் சவாரி செய்தார். லீமிங்ரன், செல்ரனம், ஹரோகேற் ஆகிய ஊர்களின் கனிமநீர் ஊற்றுகளுக்குப் பலமுறை சென்று அந்நீரைப் பருகினார். பொற்றாசியம் கலந்த காரக் கரைசலை மருந்தென்று பெருமளவிற் குடித்தார். அக்காலத்தில் இலண்டனிற் புதிதாகப் பரவியிருந்த துருக்கிய நீராவிக் குளியலை ஐம்பது தடவை எடுத்தார். அதனாற் குறைந்தது ஆறு இறாத்தல் மாத்திரமே. உணவை வெகுவாகக் குறைத்து நாளொன்றுக்கு ஆறு பென்சுச் செலவிலே வாழ்ந்தும் பார்த்தார். உடம்பு தளர்ந்து கட்டிகள் கிளம்பியதேயன்றி எடை குறையவில்லை. 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 20 தடவை இதற்காகச் சிகிச்சை பெற்றதாக அவர் கணக்கிட்டார்.

1862ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அவருடைய எடை 202 இறாத்தல். இன்றைய அளவில் ஏறத்தாழ 92 கிலோ. உயரமோ 5 அடி 5 அங்குலம். குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்ட முடியாது. படியிறங்கும்போது முழங்காலிலும் கணுக்காலிலும் பாரம் தாங்காததால், பின்புறமாகத் திரும்பி மெல்ல மெல்ல இறங்குவார். கொப்பூழில் குடலிறக்கம் ஏற்பட்டிருந்தபடியால் அதற்கும் கட்டுக் கட்டவேண்டியிருந்தது. சிறிது நடந்தாலும் மூச்சு வாங்கும்.

உடல் வருத்தத்தினும் கொடிதாயிருந்தது மக்களின் ஏளனம். பொது வண்டியிலும் மண்டபத்திலும் அவர் இருக்கை தேடும்போது அருகிலிருப்போர் முகஞ்சுழிப்பர். வீதியிற் சிறுவர் கேலி பேசுவர். மன்னர்களின் இறுதி ஊர்வலத்தை நடத்திய குடும்பத்தின் மூத்தவர், மக்கள் கூடுமிடங்களுக்குச் செல்வதையே தவிர்த்துக்கொண்டார். பருத்தவரைப் பார்த்து நகைப்போர் அவரது சோம்பலையும் தீனியையும் எண்ணியே நகைக்கின்றனர். தம்மிடம் அவ்விரண்டும் இல்லை என்பது பான்ரிங்குக்குத் தெரியும். ஆனால் குற்றம் எங்கே என்பது மாத்திரம் தெரியவில்லை.

காது மருத்துவரின் கண்டுபிடிப்பு

விடை வந்த வழி விந்தையானது. அந்த ஆண்டிலே பான்ரிங்குக்குச் செவிப்புலனும் மங்கத் தொடங்கிற்று. அவர் முதலில் நாடிய காது மருத்துவர் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. அவர் விடுமுறைக்குச் சென்றுவிட, பான்ரிங் வேறொருவரைத் தேடினார். அவ்வாறு அவர் சென்றடைந்தவர் சோகோ சதுக்கத்திற் சிகிச்சை நிலையம் வைத்திருந்த வில்லியம் ஹார்வி என்னும் காது அறுவை மருத்துவர்.

ஹார்வி 1856இல் பாரிஸ் நகருக்குச் சென்று, பிரெஞ்சு உடலியல் அறிஞர் குளோட் பேர்னார்டின் விரிவுரைகளைக் கேட்டவர். ஈரல் தானாகவே சீனியை உண்டாக்குகின்றது என்பதைப் பேர்னார்ட் கண்டறிந்திருந்தார். நீரிழிவு நோயைப் பற்றிய அவருடைய ஆய்வுகள் அக்கால மருத்துவ உலகைக் கலக்கிக்கொண்டிருந்தன. இவற்றைக் கேட்டுத் திரும்பிய ஹார்வி ஒருவகையாகச் சிந்தித்தார். நீரிழிவு நோயாளருக்குச் சீனியையும் மாப்பண்டங்களையும் விலக்குகின்றோம். பண்ணை விலங்குகளைக் கொழுக்க வைப்பதற்கு மாப்பொருள் மிகுந்த தீனியைக் கொடுக்கின்றோம். அவ்வாறாயின் மனிதரைக் கொழுக்க வைப்பதும் அதுவாக இருத்தல் கூடுமல்லவா? அதனை விலக்கினாற் கொழுப்பும் கரைதல் கூடுமல்லவா? இவ்வெண்ணத்தோடிருந்த மருத்துவரிடம் பான்ரிங் வந்து சேர்ந்தார். பருமனே காதின் உட்குழாயை நெருக்கிச் செவிப்புலனை மங்கச் செய்கின்றது என்று ஹார்வி கருதினார். ஆகவே காதுக்கு மருந்து கொடுப்பதை விட்டு, உணவை மாற்றினார்.

அதுவரை பான்ரிங் உண்டுவந்தது ஆங்கிலேயரின் வழமையான உணவே. காலையில் பாணும் பாலும், அல்லது பாலும் சீனியும் நிறையக் கலந்த தேநீரும் பட்டர் பூசிய வாட்டிய பாணும். மதியத்தில் இறைச்சி, அதனோடு நிறையப் பாண், பியர், இனிப்பு மாப்பண்டங்கள். மாலையிற் காலை உணவைப் போன்றதே. இரவிற் பழம் வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டம் அல்லது பாணும் பாலும். உண்ணும் அளவு பெரிதல்ல. உண்ணும் பொருள்களில் மாவும் சீனியுமே மிகுந்திருந்தன.

ஹார்வி விலக்குமாறு கூறியவை பாண், பட்டர், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவை. இவை யாவும் தீங்கற்றவை என்றே பான்ரிங் அதுவரை நம்பியிருந்தார். இவற்றுக்குப் பதிலாக வகுக்கப்பட்ட உணவு பின்வருமாறு அமைந்தது. காலையில் 4 அல்லது 5 அவுன்ஸ் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, அல்லது நெருப்பில் வாட்டிய மீன். பாலும் சீனியும் இல்லாத தேநீர். ஓர் அவுன்ஸ் வாட்டிய பாண். மதியத்தில் 5 அல்லது 6 அவுன்ஸ் மீன் அல்லது இறைச்சி; உருளைக்கிழங்கு தவிர்ந்த எந்த மரக்கறியும்; ஓர் அவுன்ஸ் வாட்டிய பாண்; சிறிது பழம். மாலையில் 2 அல்லது 3 அவுன்ஸ் பழமும் வெறுந்தேநீரும் ஓரிரு ரஸ்க்குத் துண்டும். இரவில் 3 அல்லது 4 அவுன்ஸ் இறைச்சி அல்லது மீன். இவற்றோடு சிவப்பு வைன் போன்ற இனிப்புக் குறைந்த மதுவகைகளும் அனுமதிக்கப்பட்டிருந்தன. மாச்சத்து முற்றாக விலக்கப்படவில்லை என்பதை வாசகர்கள் கவனித்தல் வேண்டும். வாட்டிய பாணும் பழமும் அளவோடு இடம்பெற்றே இருந்தன.

ஒரு வணிகரின் எடைக் கணக்கு

பான்ரிங் தமது தொழிலுக்குரிய ஒழுங்கோடு இதனைக் கைக்கொண்டார். 1862 ஓகஸ்ற் 26ஆம் திகதி தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை எடை நிறுத்து எழுதி வைத்தார். முதலிரு வாரங்களில் இரண்டு இறாத்தல் குறைந்தது. செப்ரெம்பர் முடிவில் 197. நத்தார்க் காலத்தில் 184. மறு ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி 167. முப்பத்தெட்டு வாரங்களில் 35 இறாத்தல். வாரத்துக்கு ஓர் இறாத்தலுக்கும் சற்றுக் குறைவு. 1863 செப்ரெம்பரில் அவருடைய எடை 156 இறாத்தலாயிற்று. ஓராண்டுக்குச் சற்றே மேற்பட்ட காலத்தில் 46 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 21 கிலோ குறைந்திருந்தது. இடுப்பளவு பன்னிரண்டேகால் அங்குலம் சுருங்கியது.

எடையைக் காட்டிலும் அவரை மகிழ்வித்தவை வேறு. படிகளில் முன்னோக்கி நடந்து இறங்க முடிந்தது. சப்பாத்து நாடாவைத் தாமே கட்ட முடிந்தது. குடலிறக்கத்தின் தொல்லை தணிந்தது. மங்கியிருந்த செவிப்புலன் திரும்பிற்று. பசியால் வாடாமலே இவ்வளவும் நிகழ்ந்தமை அவருக்கு வியப்பளித்தது. முன்னர் பட்டினி கிடந்தபோது குறையாத எடை, வயிறு நிறைய உண்டபோது குறைந்திருந்தது.

இங்கே அவர் உணர்ந்துகொண்ட உண்மையொன்றை எம்மவர் சிறப்பாக எண்ணிப் பார்த்தல் தகும். இளமையிலே நன்மை செய்யும் உணவு முதுமையை நோக்கிச் செல்லும்போது தீமை செய்தல் கூடும் என்று அவர் கண்டார். குதிரைக்கு வைக்கோலும் தானியமுமே நாளாந்தத் தீனி. அவரைவகைப் பயறு சில வேளைகளில் உதவினாலும் பழக்கமாக்கினாற் கேடு. அதுபோலப் பாணும் சீனியும் உருளைக்கிழங்கும் நடுவயதைத் தாண்டிய தமக்கு ஆகாதவை என்று அவர் ஒப்புவமை கூறி விளக்கினார். பிற்காலத்திற் சீனியைச் சிறிதளவு மீண்டும் உண்டு சோதித்தும் பார்த்தார். வாரமொன்றில் ஐந்து அவுன்ஸ் சீனி, அதாவது நாளொன்றுக்கு ஓர் அவுன்சுக்கும் குறைவு, ஏறத்தாழ ஓர் இறாத்தல் எடையைக் கூட்டிவிடுவதை நிறுத்து அறிந்தார்.

இலவசமாக வந்த சிறுநூல்

தாம் பெற்ற நன்மையை மற்றவர்களும் பெறவேண்டும் என்னும் ஆவல் பான்ரிங்குக்கு மேலிட்டது. மருத்துவரல்லாத சாதாரண மனிதரின் எழுத்தை மருத்துவ ஏடுகள் ஏற்குமா என்று தயங்கிய அவர், தமது சொந்தச் செலவிலே 1863இல் சிறுநூலொன்றை அச்சிட்டார். உடற்பருமன் குறித்துப் பொதுமக்களுக்கு எழுதிய மடல் என்பதே அதன் தலைப்பின் பொருள். முதற் பதிப்பில் ஆயிரம் படிகள். அத்தனையையும் இலவசமாகவே வழங்கினார். இரண்டாம் பதிப்பும் அவ்வாறே இலவசமாகச் சென்றது. கேட்டு வரும் கடிதங்கள் பெருகியபோதே மூன்றாம் பதிப்பு விலைக்கு வந்தது. அதிற் கிடைத்த இலாபத்தை அறப்பணிகளுக்குக் கொடுத்துவிட்டார். சில ஆண்டுகளிற் பல்லாயிரக்கணக்கான படிகள் விற்றன. பிறமொழிகளிலும் நூல் வெளிவந்தது.

நூலின் நடை எளிமையானது. தமது தோல்விகள், பட்ட அவமானம், உண்ட உணவு, எடைக் கணக்கு ஆகியவற்றை மறைக்காமல் எழுதியிருந்தார். சுகாதார நூல்களிற் பெரும்பாலானவை மேலிருந்து கீழ்நோக்கி உபதேசம் செய்யும் காலம் அது. துன்பப்பட்ட ஒருவர் துன்பப்படும் இன்னொருவருக்கு எழுதிய மடலாக அமைந்தமையே அதன் வெற்றிக்குக் காரணம் என நாம் கருதுகின்றோம்.

பான்ரிங்கின் பெயர் ஆங்கில மொழியிற் வினைச்சொல்லாக மாறியது. உணவைக் கட்டுப்படுத்தும் ஒருவரை, பான்ரிங் செய்கின்றார் என்று பேசிக்கொண்டனர். நகைச்சுவை ஏடுகள் இதனை வைத்துச் சித்திரமும் பாட்டும் வெளியிட்டன. ஆங்கிலத்தில் அச்சொல் பின்னர் அருகிவிட்டபோதிலும், சுவீடிய மொழிக்குட் புகுந்து நிலைத்துவிட்டது. 2010களில் தென்னாபிரிக்காவிலும் மாச்சத்துக் குறைந்த உணவுமுறைக்கு அவர் பெயரே மீண்டும் சூட்டப்பட்டு நாடெங்கும் பரவியது.

மருத்துவ உலகின் சீற்றம்

புகழோடு பகையும் வந்தது. மருத்துவப் பட்டம் பெறாத ஒருவர் மருத்துவம் பேசுவதா என்று மருத்துவர் பலர் வெகுண்டனர். 'லான்செற்' என்னும் மருத்துவ ஏடு அவரைக் கடுமையாகச் சாடியது. இவற்றிற் புதிதொன்றும் இல்லை என்றனர் சிலர். இறைச்சி மிகுந்த இவ்வுணவு கேடு விளைக்கும் என்றனர் வேறு சிலர். புதிதல்ல என்பதில் உண்மையுண்டு. பிரெஞ்சு நாட்டவரான பிரியா சவரன் என்பார் 1825இல் வெளியிட்ட உணவு பற்றிய நூலிலேயே மாப்பண்டங்களைப் பருமனுக்குக் காரணமாகக் காட்டியிருந்தார். எனினும் அவ்வறிவு பான்ரிங் நாடிச் சென்ற மருத்துவர்களிடம் இருக்கவில்லை. இருந்திருப்பின் அவர் ஐம்பது தடவை நீராவியில் வெந்திருக்கத் தேவையில்லை.

முதற் பதிப்பில் பான்ரிங் தமது மருத்துவரின் பெயரைக் குறிப்பிடவில்லை. கேள்விகள் எழுந்தபோது ஹார்வியின் பெயரை நன்றியோடு வெளியிட்டார். அதன் விளைவாக ஹார்வியும் ஏளனத்துக்கு ஆளானார். இவ்வுணவு எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை அக்கால அறிவைக்கொண்டு அவரால் முழுமையாக விளக்க முடியவில்லை என்பதே அவர்மீது சுமத்தப்பட்ட பெரிய குற்றம். ஹார்வி 1872இல் பருமனுக்கும் நோய்க்குமுள்ள தொடர்பைப் பற்றித் தாமே ஒரு நூலெழுதி விடையளித்தார்.

பான்ரிங் ஒருபோதும் தம்மை மருத்துவர் என்று கூறிக்கொண்டதில்லை. தம்மைப் பின்பற்ற விரும்புவோர் முதலில் தத்தம் மருத்துவரைக் கேட்டறியுமாறே வற்புறுத்தினார். 1869இல் நான்காம் பதிப்பை வெளியிட்டு, ஆறு ஆண்டுகளின் பின்னும் தாம் நலமாக இருப்பதைத் தெரிவித்தார். அதன்பின்னும் நெடுங்காலம் வாழ்ந்து, 1878ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆம் திகதி, தமது எண்பத்தோராவது வயதில் இலண்டனிற் காலமானார். உடல் பருத்த நாற்பது வயதினர் ஒருவர் எண்பதைக் காண்பது அரிதாக இருந்த காலம் அது.

அதே பெயருடைய இன்னொருவர்

பான்ரிங் என்னும் பெயரைக் கேட்டவுடன் கனடாவில் வாழும் வாசகர்களுக்கு வேறொருவர் நினைவுக்கு வரக்கூடும். 1921இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் இன்சுலினைப் பிரித்தெடுத்த பிறெடெரிக் பான்ரிங் அவர்களே அவர். இவர் வில்லியம் பான்ரிங்கின் தூரத்து உறவினர் எனக் கூறுவர். 1922 ஜனவரியில் ரொறன்ரோ வைத்தியசாலையொன்றில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்கு மறு ஆண்டிலே பிறெடெரிக் பான்ரிங்குக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஹார்வியால் விளக்க முடியாமற்போனதற்கான விடையின் ஒரு பகுதி இந்த இன்சுலினிலேயே அடங்கியிருந்தது. பாடநூல்களிற் காபோவைதரேற்று எனப்படும் மாச்சத்து உடலினுள் குளுக்கோசாக மாறி இரத்தத்திற் கலக்கின்றது. அதனைக் கலங்களுக்குள் செலுத்துவதற்குச் சதையி இன்சுலினைச் சுரக்கின்றது. இன்சுலின் கூடிய வேளையில் உடல் கொழுப்பைச் சேமித்து வைக்கும், கரைப்பதைக் குறைத்துக்கொள்ளும். மாவும் சீனியும் குறைந்து, மீனும் இறைச்சியும் மரக்கறியும் கூடும்போது புரதத்தால் வயிறு நிறைந்த உணர்வு நெடுநேரம் நீடிக்கும். உண்ணும் மொத்த அளவும் தானாகவே குறைந்துவிடும். முதற் கிழமைகளிற் குறையும் எடையிற் பெரும்பகுதி உடலில் தேங்கிய நீரே என்பதையும் இன்றைய மருத்துவம் அறியும்.

அதேவேளை இதுவொன்றே வழியென்று கூறுவதற்கும் இன்றைய அறிவு இடந்தரவில்லை. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மாச்சத்துக் குறைந்த உணவும் மறு பிரிவினருக்குக் கொழுப்புக் குறைந்த உணவும் கூறி ஓராண்டு கவனித்து, 2018இல் முடிவை வெளியிட்டனர். இரு பிரிவினரும் சராசரியாக ஐந்து, ஆறு கிலோ வரையில் குறைந்திருந்தனர். குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. இரு பிரிவினருக்கும் பொதுவாகக் கூறப்பட்டது, சீனியையும் தீட்டிய மாவையும் விலக்கி மரக்கறியைக் கூட்டுமாறே. ஒருவர் நெடுங்காலம் கைக்கொள்ளக்கூடிய முறை எதுவோ அதுவே அவருக்குரிய முறையாகும்.

எமக்குரிய பாடம்

தெற்காசிய மக்களுக்கு நீரிழிவு ஏனையோரிலும் இளவயதிலும், ஏனையோரிலும் குறைந்த எடையிலும் வருகின்றது. இதனை உணர்ந்தே பிரித்தானியச் சுகாதார வழிகாட்டல் நிறுவனம் 2013இல் தெற்காசியருக்கென வேறான எல்லையை வகுத்தது. உயரத்துக்கேற்ற எடைச் சுட்டெண் வெள்ளையருக்கு 25ஐத் தாண்டும்போதே எச்சரிக்கை. எமக்கோ 23ஐத் தாண்டும்போதே எச்சரிக்கை என அது கூறுகின்றது. கண்ணாடியிற் பெரிதாகத் தோன்றாத தொந்தியும் எம்மவருக்கு ஆபத்தானதே.

ஊரிலே தோட்டத்திலும் கடலிலும் உழைத்த உடம்புக்கு மூன்று வேளைச் சோறும் பிட்டும் தேவையாயிருந்தன. புலம்பெயர்ந்த நாட்டிலே அந்த உழைப்பு இல்லை. உணவு மாத்திரம் அப்படியே வந்துவிட்டது. அதனோடு இந்நாடுகளின் பாணும் இனிப்புப் பானமும் சேர்ந்துகொண்டன. இரவு வேலை, குளிர், அகதி விண்ணப்பத்தின் முடிவு தெரியாத ஏக்கம் ஆகியவற்றுக்கிடையே, பாலும் சீனியும் கலந்த தேநீரே பலருக்கு ஆறுதல். நாற்பதைத் தாண்டிய ஒருவர் இவ்வாறு பருத்துவிட்டால் அவரைச் சோம்பேறியென்று பழிப்பது எளிது. பான்ரிங்கின் கதை அந்தப் பழியை மறுக்கின்றது. தம்மை வருத்தி உழைத்த மனிதரும் தவறான உணவினாற் பருக்கலாம்; சரியான உணவினால் மீளவும் செய்யலாம்.

மாறுவதற்கு எமது சமையலைத் துறக்கவேண்டியதில்லை. மீன்குழம்பும், கீரையும், கத்தரிக்காயும், பாகற்காயும், முருங்கைக்காயும் எமது அடுக்களையின் செல்வங்கள். கோப்பையிற் சோற்றைக் காற்பங்காகக் குறைத்து, பாதியை மரக்கறிக்கும் எஞ்சியதை மீன், முட்டை, இறைச்சிக்கும் ஒதுக்கினால் பெரும் மாற்றம் நிகழும். மரக்கறி உணவினருக்குப் பருப்பும் கடலையும் தயிரும் உண்டு. தேநீரிற் சீனியை விடுவது முதற்படி. பான்ரிங்கின் வைன் கிண்ணங்களைப் பின்பற்றவேண்டியதில்லை. அவருக்குப் பயன்பட்டது அவர் விலக்கியவையே.

ஓர் எச்சரிக்கையை மாத்திரம் அழுத்திக் கூறுகின்றோம். நீரிழிவுக்கு இன்சுலினோ, இரத்தச் சீனியைக் குறைக்கும் குளிசையோ எடுப்பவர்கள் திடீரென மாச்சத்தைக் குறைத்தால், இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு வீழ்ந்து மயக்கம் ஏற்படலாம். மருந்தின் அளவை மருத்துவரே மாற்றுதல் வேண்டும். சிறுநீரக நோயுடையோரும் கருவுற்ற தாய்மாரும் கேளாமல் எதனையும் தொடங்கலாகாது. மொழி தெரியாமையால் வைத்தியரிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருவோர் எம்மிடையே பலர். அத்தகையோர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். இல்லையேல் மொழி அறிந்த பெரியவர் ஒருவரை அழைத்துச் செல்லுதல் வேண்டும். உண்பது என்ன, எவ்வளவு, எடை எவ்வளவு என்பதை ஒரு கொப்பியில் எழுதி எடுத்துச் செல்வது வைத்தியருக்குப் பேருதவியாக அமையும்.

வில்லியம் பான்ரிங் செய்ததும் அவ்வளவே. தமக்குக் காது கொடுத்த ஒரு மருத்துவரைக் கண்டடையும் வரை அவர் தேடலை நிறுத்தவில்லை. கண்டபின் கூறியதைக் கைக்கொண்டார், கணக்கு வைத்தார், பயனை அயலாருக்கும் கொடுத்தார். தொடங்கும்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. எமது வாசகர்களிற் பெரும்பாலோர் அதனினும் இளையவர்கள்.